யாருக்கு எத்தனை நிமிஷம் தள்ளுபடி?

தெரு கிரிக்கெட் ஆடிய ஆசாமியா நீங்கள்? அப்படியானால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பதினோரு பேர் சேர்ந்திருக்கிறார்கள். இரண்டு டீமாகப் பிரிக்க வேண்டும். மீதியாகிற ஒருத்தன் இரண்டு பக்கமும் பேட்டிங் பிடிப்பான், அவன் 'ஜோக்கர்'. மூன்றாம் கிளாஸ் பொடியனுக்கு முதல் பந்து 'ட்ரையல்ஸ்', ஸ்டம்ப் எகிறினாலும் அவுட் கிடையாது. காலேஜ் டீமில் ஆடுகிற அண்ணன் வந்து நின்றால், "நீங்க லெஃப்ட் ஹேண்ட்லதான் போடணும்ணா!" எதிர்வீட்டு மாமி காம்பவுண்டுக்குள் விழுந்தால் எப்பேர்ப்பட்ட சிக்ஸரும் அவுட்.

எந்த வக்கீலும் இதை உட்கார்ந்து எழுதித் தரவில்லை. பொடியன் அழுதுகொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் ஆள் குறையும், அண்ணன் மட்டுமே நாள் பூரா பேட்டிங் செய்தால் மற்றவர்களுக்கு போரடிக்கும். அவ்வளவுதான் சமாசாரம்.

இதே தலைவலி கடலுக்குள் வந்தால் எப்படி இருக்கும்? பேட்டுக்குப் பதில் பாய்மரப் படகு. ஒருத்தருடையது ஒரு ஸ்கூட்டர் மாதிரி. இன்னொருத்தருடையது ரேஸ் கார். மூன்றாமவர் படகோ கேஸ் அடுப்பு, படுக்கை, மாமியார் சகிதம் மிதக்கும் போர்ஷன் வீடு. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விசில் ஊதினால் அது பந்தயமா?

* * *

அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்தின் தலைநகர் அனாபலிஸ். செசபீக் வளைகுடாவை ஒட்டிய ஊர், அமெரிக்கக் கடற்படை அகாடமி இருக்குமிடம். கோடை வந்தால் புதன்கிழமை சாயங்காலம் அங்கே ஒரு கூட்டம் ஆபீஸிலிருந்து நேரே வீட்டுக்குப் போவதில்லை. கழுத்து டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு படகுத் துறைக்கு ஓடுகிறது. இருட்டுவதற்குள் ஒரு பந்தயம். முடிந்ததும் கிளப் வாசலில் அரட்டை.

இந்த ரகப் பந்தயங்களுக்கு அமெரிக்காவில் செல்லப் பெயர் 'பீர் கேன் ரேஸ்'. (முன்னால் போகிற படகு எந்த வழியாகப் போனது என்று தண்ணீரில் மிதக்கும் காலி டப்பாவைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று ஒரு கதை. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் மன்னிக்க.) பரிசு என்று பெரிசாக ஒன்றும் கிடையாது. ஆனாலும் தோற்றவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்ரைசலில் பக்கத்து சீட்டுக்காரருக்கு இன்க்ரிமென்ட் விழுந்த மாதிரி இருக்கும்.

காரணம், தோல்வி அல்ல. தோற்கடித்த விதம். "அவன் படகு நாப்பதடி, என்னுது இருபத்தேழு அடி. இதுல என்ன சார் திறமை?"

நியாயமான கேள்வி. பாய்மரப் படகில் நீளம்தான் வேகம். எஞ்சின் இல்லையே, காற்று எல்லோருக்கும் ஒன்றுதானே என்பீர்கள். படகு நகரும்போது தண்ணீரைத் தள்ளி ஒரு அலையை உண்டாக்குகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் படகின் நீளமும் ஒன்றாகிவிடும். மூக்கு ஒரு முகட்டில், வால் அடுத்த முகட்டில். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் படகு தான் உண்டாக்கிய அலை மேலேயே தான் ஏறியாக வேண்டும். கனமான படகால் அது முடியாது.

அந்த உச்ச வேகத்துக்குக் கைக்கணக்கு உண்டு. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம். 16 அடி என்றால் 5.4 நாட். 25 அடி என்றால் 6.7. 36 அடிக்கு 8. ஆக, உலக சாம்பியனே சுக்கான் பிடித்தாலும் 25 அடிக்காரரால் ஒழுங்காக ஓட்டும் 36 அடிக்காரரைப் பிடிக்க முடியாது. (எடையே இல்லாத சின்னப் படகுகள் மட்டும் இந்தச் சிறையிலிருந்து தப்பித்து, தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு பறக்கும். அதனால் கணக்கு இன்னும் குழம்பும்.)

* * *

இந்தப் பஞ்சாயத்து நேற்று முளைத்ததல்ல.

1851 ஆகஸ்ட் 22. இங்கிலாந்தில் ஒய்ட் தீவைச் சுற்றி ஒரு பந்தயம். 'அமெரிக்கா' என்ற படகு ஜெயித்தது. அந்தக் கோப்பைதான் பிற்பாடு 'அமெரிக்காஸ் கப்' என்று உலகப் பிரசித்தி ஆனது. ஜெயித்த படகு 170 டன். இரண்டாவதாக வந்த 'அரோரா' 47 டன்! அன்றைய பந்தயத்தில் சின்னப் படகுக்கு நிமிஷத் தள்ளுபடி எதுவும் கிடையாது. கோப்பை அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய்விட்டது.

"சரி, அளந்துடுவோம்" என்று இறங்கினார்கள் ஆங்கிலேயர்கள். 1855-ல் ராயல் தேம்ஸ் யாட் கிளப் ஒரு சூத்திரம் போட்டது. நீளத்தையும் அகலத்தையும் வைத்துப் படகின் 'டன்' கணக்கிட்டு, அதற்கேற்ப வகுப்பும் சலுகையும். இதில் அகலம் இரண்டு முறை பெருக்கலில் வரும். ஆழத்தை யாருமே அளப்பதில்லை. வரி கட்டும் எந்த இந்தியனுக்கும் அடுத்து என்ன நடந்திருக்கும் என்று தெரியும். எதை அளக்கிறார்களோ அதைக் குறை, எதை அளப்பதில்லையோ அதில் ஒளித்து வை!

படகுகள் வருஷத்துக்கு வருஷம் இளைத்தன. அகலம் குறுகி, ஆழம் கூடி, அடியில் ஈயத்தைக் கட்டிக்கொண்டு, நிமிர்த்தி வைத்த பலகை மாதிரி ஆயின. நடுவில் சூத்திரத்தைத் திருத்திப் பார்த்தார்கள். குணம் மாறவில்லை. இந்தப் பைத்தியக்காரத்தனத்தின் உச்சம் 'ஊனா' என்ற படகு. தண்ணீர் மட்டத்தில் நீளம் 34 அடி. அகலம் ஐந்தரை அடி! நம் வீட்டு பெஞ்சுக்கே இதைவிட நல்ல விகிதம் உண்டு. 1886-ல் புயலில் மாட்டி அயர்லாந்துக் கரையில், டப்ளினுக்கு வடக்கே மலஹைட் அருகே நொறுங்கியது. அதை டிசைன் செய்த வில்லியம் எவன்ஸ் பேட்டனும் அதிலேயே இருந்தார். பிழைக்கவில்லை.

சலுகை கணக்குக்காகப் படகைச் செதுக்கி, அந்தப் படகே எமனாகிப் போன கதை இது. அதன் பிறகுதான் அந்த டன் கணக்கு கைவிடப்பட்டது.

அதே டப்ளின் பக்கத்தில் தாமஸ் மிடில்டன் என்பவர் அப்போது வேறு விதமாக யோசித்தார். ஏன் அளக்க வேண்டும்? எல்லாப் படகையும் ஒரே மாதிரி கட்டிவிட்டால்? 1887-ல் 'வாட்டர் வேக்' என்ற குட்டிப் படகுகள் வந்தன. எல்லாமே ஒரே அச்சு. பர்ஸ் கனத்தவர் புதுப் படகு கட்டி ஜெயிக்கிற வழி அடைபட்டது. ஸ்கூல் யூனிஃபார்ம் தத்துவம்தான்! 1900-ல் அதற்குப் புது டிசைன் போட்டது மேமி டாய்ல் என்ற பெண். படகு கட்டுபவரின் மகள். அந்த டிசைன் படகுகள் இன்றும் டப்ளின் விரிகுடாவில் புதன்கிழமை மாலைகளில் ஓடுகின்றன.

இன்றைய ஒலிம்பிக் படகான லேசரும் அந்த வம்சம்தான். 1970-களில் வந்தது. 2019-லிருந்து ஐ.எல்.சி.ஏ. என்று பெயர். அதில் ஒரு நல்ல தந்திரம் வைத்திருக்கிறார்கள். 4.23 மீட்டர் உடம்பு எல்லோருக்கும் ஒன்று. பாய் மட்டும் மூன்று அளவு. பெரியது சுமார் 7 சதுர மீட்டர், அடுத்தது 5.76, சின்னது 4.7. ஏனென்றால் அந்தப் படகில் எடையே நீங்கள்தான். காற்று தள்ளும்போது கவிழாமல் இருக்க வெளியே தொங்க வேண்டும். 55 கிலோ ஆளிடம் 7 மீட்டர் பாயைக் கொடுத்தால் காற்று அவரைக் காயப்போட்ட பனியன் மாதிரி தூக்கிக்கொண்டு போகும். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நம்ம சென்னை நேத்ரா குமணன் ஓட்டியது நடு அளவுப் பாய். வேலூர்க்காரர் விஷ்ணு சரவணன் ஓட்டியது பெரிய பாய். உடம்பு வாகைப் பார்த்து வகுப்புப் பிரிப்பது என்றால் இதுதான்.

* * *

ஆனால் புதன்கிழமை கிளப்புக்கு வருகிறவரிடம் "எல்லாரும் ஒரே படகு வாங்குங்க" என்று சொல்ல முடியுமா? அவரவர் கடன் வாங்கி, மனைவியைச் சமாளித்து, ஏதோ ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். இருக்கிற படகை வைத்துக்கொண்டுதான் பந்தயம்.

இங்கேதான் தள்ளுபடி வருகிறது. அமெரிக்காவில் பி.எச்.ஆர்.எஃப். என்று ஒரு முறை. ஒவ்வொரு ரகப் படகுக்கும் மைலுக்கு இத்தனை செகண்டு என்று ஒரு எண். எண் குறைவென்றால் வேகமான படகு. ஜே-24 என்ற பிரபலமான 24 அடிப் படகுக்கு 170 சுமார். (ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.) அளவு நாடாவைவிட, இந்த ரகப் படகுகள் போன பந்தயங்களில் எப்படி ஓடின என்பதைப் பார்த்துக் கமிட்டி போடும் எண் இது. நல்ல ஓட்டி, சுத்தமான அடிப்பாகம், புதுப் பாய் என்று வைத்துக்கொண்டுதான் எண் போடுகிறார்கள். "எனக்கு ஓட்டத் தெரியாது, தள்ளுபடி கூட்டிக் குடுங்க" என்று கேட்க முடியாது.

ஒரு கணக்கு பார்க்கலாம். பேனா வேண்டாம், நானே போட்டுவிட்டேன். உங்கள் படகு 90, என் ஓட்டைப் படகு 210. வித்தியாசம் மைலுக்கு 120 செகண்டு. ஆறு மைல் பந்தயம் என்றால் 12 நிமிஷம் எனக்குத் தள்ளுபடி. நீங்கள் 60 நிமிஷத்தில் முடித்து, நான் 72-ல் வந்தால் டை.

அருமை! ஆனால் அன்றைக்குக் காற்று செத்துவிட்டது என்று வையுங்கள். உங்களுக்கே இரண்டு மணி நேரம். அதே விகிதத்தில் எனக்கு 144 நிமிஷம். தள்ளுபடியோ அதே 12-தான். அதே திறமையோடு ஓட்டியும் 12 நிமிஷத்தில் தோற்றுப் போகிறேன்! தூரத்தை வைத்துத் தள்ளுபடி தரும்போது வருகிற கோளாறு இது. அதனால் பல கிளப்புகள் நேரத்தை வைத்தே கணக்குப் போடுகின்றன. 650-ஐ, 550-உடன் உங்கள் எண்ணைக் கூட்டி வந்ததால் வகுத்து, அந்த விடையால் ஓடிய நேரத்தைப் பெருக்கு. அப்படிப் போட்டால் அந்தச் செத்த காற்று நாளில் நான் தோற்பது 12 நிமிஷத்தில் அல்ல, ஒன்றேகால் நிமிஷத்தில். அந்த ஒன்றேகாலை என் கைவசமுள்ள திறமையால் ஈடுகட்டலாம் (என்று நினைத்துக்கொண்டே தூங்கலாம்).

பிரிட்டனில் சின்னப் படகுகளுக்குப் 'போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக்' என்று இன்னும் எளிமையான முறை. ஓடிய நேரத்தை ஆயிரத்தால் பெருக்கிப் படகின் எண்ணால் வகு. லேசருக்கு எண் 1100 பக்கம். டாப்பர் என்ற சின்னப் படகுக்கு 1365 பக்கம். லேசர் 55 நிமிஷத்திலும் டாப்பர் 68 நிமிஷம் 15 செகண்டிலும் வந்தால் இரண்டுக்கும் விடை ஐம்பதே. கிளப்புகள் அனுப்பும் பந்தய முடிவுகளைச் சேர்த்து வைத்து அங்குள்ள தேசிய சங்கமான ஆர்.ஒய்.ஏ. இந்த எண்களை வெளியிடுகிறது. டேட்டா சொல்கிறது, அவ்வளவுதான். சண்டை போட ஆள் இல்லை!

சண்டையைத் தவிர்க்க இன்னொரு வழியும் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஐ.ஆர்.சி. என்ற முறையில் படகை முழுக்க அளந்து எண் தருவார்கள், ஆனால் சூத்திரத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். ஊனாவின் கதை தெரிந்தவர்களுக்கு ஏன் என்று புரியும். சூத்திரம் தெரியாவிட்டால் சூத்திரத்தை ஏமாற்றப் படகு கட்ட முடியாதே. கேள்வித்தாள் அவுட் ஆகாத பரீட்சை.

* * *

இத்தனை கணக்கு இருக்கும்போது எல்லோரையும் ஒன்றாக ஓடவிட்டுத் தள்ளுபடி போட்டுவிடலாமே, வகுப்பு எதற்கு? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

தண்ணீரில் நின்று யோசித்தால் தெரியும். பெரிய படகின் பெரிய பாய், காற்றைத் தின்றுவிடுகிறது. அதற்குப் பின்னால் மாட்டிய சின்னப் படகுக்குக் கிடைப்பது எச்சில் காற்று. பஸ்ஸுக்குப் பின்னால் சைக்கிளில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? புகை மட்டும்தான் வராது. ஸ்டார்ட்டில் அப்படி நாலு படகு முன்னால் நின்றால் தள்ளுபடியில் பாதி அங்கேயே அம்பேல். இதைத் தவிர, முன்னால் போனவர்கள் காற்று இருக்கும்போது முடித்துவிடுவார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு மாலை காற்று அடங்கிவிடும். முன்னால் போனது ஒரு பந்தயம், பின்னால் நடப்பது வேறு பந்தயம்.

அதனால் பிரிக்கிறார்கள். எங்கே வெட்டுவது என்பதில்தான் செயலாளருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

ஒரு கிளப்பில் 14 படகு என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். எண்கள் இப்படி: 72, 84, 87, 90, 126, 132, 168, 171, 171, 174, 201, 204, 225, 270. அவசரக்கார செயலாளர் ரவுண்டாக 170-ல் கோடு போடுவார். உடனே 168-காரர் மேல் வகுப்பில், அவருடைய இரட்டைப் பிறவிகளான 171-கள் கீழ் வகுப்பில். மூன்று செகண்டுக்காகக் குடும்பம் பிரிந்துவிட்டது! அந்த ஆள் அடுத்த வாரம் வருவாரா?

எண் ரவுண்டாக இருக்க வேண்டாம். இடைவெளி எங்கே இருக்கிறதோ அங்கே வெட்ட வேண்டும். 174-க்கும் 201-க்கும் நடுவே நல்ல பள்ளம், அங்கே ஒரு வெட்டு. அடுத்தது 90-க்கும் 126-க்கும் நடுவிலா, 132-க்கும் 168-க்கும் நடுவிலா? இரண்டும் 36 செகண்டுதான்! 126, 132 இருவரும் அநாதைகள். மேலே போட்டால் 72-லிருந்து 132 வரை ஒரே வகுப்பு; ஆறு மைலில் அந்த அறுபது செகண்டு ஆறு நிமிஷமாகும். கீழே போட்டால் 126-லிருந்து 174. ஐந்து நிமிஷத்துக்கும் குறைவு. அதோடு மேலே போனால் ராட்சசப் பாய்களின் எச்சில் காற்றும் அவர்களுக்குத்தான். என் தீர்ப்பு, கீழே! நாலு, ஆறு, நாலு என்று மூன்று வகுப்பு. கடைசி நாலு பேருக்குக் கோர்ஸைச் சுருக்கிவிட்டால் அவர்களும் வெளிச்சத்திலேயே வீடு திரும்பலாம்.

"அப்படியே அஞ்சு வகுப்பா பிரிச்சிடுங்களேன், எல்லாருக்கும் கப் கிடைக்கும்" என்று ஒரு தர்மப் பிரபு கிளம்புவார். 14 படகை ஐந்தாகப் பிரித்தால் தலைக்கு மூன்று பேர். மூன்று பேரில் ஒருவர் ஊருக்குப் போய்விட்டால் மற்றவருக்கு நிச்சயம் பரிசு. கல்யாணத்தில் தேங்காய் கொடுக்கிற மாதிரி கப் கொடுத்தால் அதை எந்த வீட்டு ஷோகேஸிலும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

எண்ணைவிட முக்கியமாக ஒன்றைப் பார்த்துப் பிரிக்கிற கிளப்புகளும் உண்டு. 'ஸ்பின்னேக்கர்' என்று ஒரு பாய், போட்டோக்களில் கலர் கலராக பலூன் மாதிரி முன்னால் உப்பியிருக்குமே, அது. காற்று பின்னாலிருந்து வரும்போது படகைப் பிய்த்துக்கொண்டு போகும். ஏற்றவும் இறக்கவும் நாலைந்து தேர்ந்த ஆட்கள் வேண்டும். தவறினால் படகு பக்கவாட்டில் சாய்ந்து, உள்ளேயிருக்கும் சாப்பாட்டு டப்பா உட்பட எல்லாம் உருளும். மனைவியையும் ஏழு வயசுப் பெண்ணையும் அழைத்து வருகிறவருக்கு இது தேவையா? ஆகவே ஸ்பின்னேக்கர் கோஷ்டி தனி, 'அது வேண்டாம் சாமி' கோஷ்டி தனி. புதிதாகச் சேருகிறவர்களும் வயசானவர்களும் அந்த இரண்டாவது வகுப்பில்தான் ஒட்டிக்கொள்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் கிளப்பில் பாதி காலி.

* * *

படகுக்குத்தான் எண். ஆளுக்கு?

அயர்லாந்துக்காரர்கள் இதையும் விடவில்லை. 'எக்கோ' என்று ஒரு முறை. இந்த வாரம் நன்றாக ஓட்டினால் அடுத்த வாரம் உங்கள் தள்ளுபடி குறையும். சொதப்பினால் கூடும். கோல்ஃப் ஆடுபவர்களின் ஹேண்டிகேப் மாதிரி. ஒரே பந்தயத்துக்கு ஐ.ஆர்.சி. கணக்கில் ஒரு முடிவு, எக்கோ கணக்கில் இன்னொரு முடிவு என்று இரண்டு பட்டியல் ஒட்டுவதும் உண்டு. முதல் பட்டியல், யார் கெட்டிக்காரர் என்று சொல்லும். இரண்டாவது, யார் போன வாரத்தைவிடத் தேறியிருக்கிறார் என்று சொல்லும். இரண்டு வருஷமாகக் கடைசியில் வந்துகொண்டிருந்தவர் ஒரு வியாழக்கிழமை இரண்டாவது பட்டியலில் முதலாவதாக வருவார். அவர் அப்புறம் படகை விற்பாரா?

ஓட்டையும் உண்டு. சீசன் ஆரம்பத்தில் வேண்டுமென்றே தூங்கி வழிந்து தள்ளுபடியை ஏற்றிக்கொண்டு, பெரிய கோப்பைக்கான நாளில் புலியாகப் பாய்கிறவர்கள்! 'சாண்ட்பேகர்' என்று அவர்களுக்குப் பெயர். பரீட்சை முந்தின நாள் "ஒண்ணுமே படிக்கலைடா" என்று சொல்லிவிட்டு 98 வாங்குவானே ஒருத்தன், அந்த ஜாதி.

தள்ளுபடிப் பந்தயத்தில் இன்னொரு ருசிக் குறைவு, யார் ஜெயித்தது என்று கரையில் நிற்கிறவருக்குத் தெரியாது. 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் முதலில் கோட்டைத் தாண்டியது 'கான்டார் ஆஃப் பெர்முடா'. கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஜெயித்தது, பிற்பாடு சி.என்.என். ஆரம்பித்த டெட் டர்னரின் 'டெனேஷியஸ்'. (அந்தப் பந்தயத்தில் புயலில் 15 பேர் இறந்துபோனார்கள். கோப்பை யாருக்கு என்று அன்றைக்கு யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.) புதன்கிழமை கிளப்பில் ஆள் இறங்கி, கை கழுவி, சாப்பிட உட்கார்ந்து, கால்குலேட்டர்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இதற்கும் ஒரு மருந்து. தள்ளுபடியைக் கடைசியில் தராமல் முதலிலேயே தந்துவிடுவது! மெதுவான படகு ஆறு மணிக்குக் கிளம்பும். நான் 210, நீங்கள் 90 என்றால் ஆறு மைலுக்கு நீங்கள் 12 நிமிஷம் கரையோரம் நின்று என் முதுகைப் பார்த்துப் பல்லைக் கடிக்க வேண்டும். அப்புறம் துரத்தலாம். யார் முதலில் வருகிறாரோ அவரே முதல். எல்லோரும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து சேர்வார்கள், பக்கோடாவும் சூடாக இருக்கும். காற்று பாதியில் மாறினால் மட்டும் யாராவது ஒரு கோஷ்டிக்கு லாட்டரி. அது எந்தச் சூத்திரத்திலும் வராது.

சென்னைத் துறைமுகத்துக்குள் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-லிருந்து இருக்கிறது என்பது பீச் ஸ்டேஷனில் தினமும் இறங்கி ஆபீஸ் போகிற நம்மில் பலருக்குத் தெரியாது. அங்கே சேர்ந்து படகு ஓட்டுவதும் ஓட்டாததும் உங்கள் இஷ்டம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் டீம் பிரிக்கும்போது, அந்த மூன்றாம் கிளாஸ் பொடியன் இப்போது ஆறாம் கிளாஸ் வந்துவிட்டானா என்று பாருங்கள். வந்துவிட்டான் என்றால் ட்ரையல்ஸ் பந்தை நிறுத்திவிடலாம். போன வாரம் அவன் 34 அடித்ததாக என் காதுக்கு வந்தது.